அரிக்கமேடு அகழாய்வும் மாணவர் அருங்காட்சியகப் பயிற்சியும்

கல்லூரி மாணவர்கள் ஒரு பருவம் முழுவதும் அருங்காட்சியகம் ஒன்றோடு இணைந்து வேலை செய்து, பருவ முடிவில் ஒரு சிறு காட்சியை அமைத்துப் பொதுமக்கள் முன் வைப்பது பல நாடுகளில் வரலாற்றுப் படிப்பின் ஒரு பகுதியாக உள்ளது. தமிழ்நாட்டிலும் இளங்கலைப் பாடத்திட்டங்கள் பலவற்றில் உள்ளகப் பயிற்சி இடம்பெற்றுள்ளது. வரலாறு படிக்கும் மாணவர் அப்பயிற்சிக்கு அருங்காட்சியகத்தை நாடுவது இயல்பே. ஆனால் அங்கே அவர் கற்க வேண்டியது என்ன? பேழைகளைத் துடைப்பதும், பார்வையாளர்களை வரிசையில் அனுப்புவதும், கடைசி நாளில் சான்றிதழ் வாங்குவதும் பயிற்சியாகிவிடுமா?

இக்கேள்விக்கு விடை கடலூருக்கு வடக்கே, பேருந்தில் ஒரு மணி நேரத்திற்குள் சென்றுவிடக்கூடிய ஓர் ஆற்றங்கரை மேட்டில் இருக்கிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு நடந்த அகழாய்வு, உரோமானிய வணிகத்திற்குச் சான்று தந்த அகழாய்வாகவே பெரும்பாலும் நினைக்கப்படுகிறது. அது இளம் ஆய்வாளர்களுக்கு அகழாய்வு முறை கற்பித்த களமும் ஆகும். அங்கே எழுதப்பட்ட குறிப்புகள்தாம், பின்னாளில் அந்த அகழாய்வின் முடிவுகளையே திருத்தவும் உதவின. பேழையில் உள்ள பொருளுக்கு வரலாற்றைத் தருவது அதனோடு சேர்ந்து வரும் பதிவு என்பதை அரிக்கமேட்டின் கதை தெளிவாகக் காட்டுகிறது.

‘செத்த காலேஜ்’

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்னும் மருத்துவர். அருங்காட்சியக வளாகத்திலேயே அவர் உயிருள்ள விலங்குகளையும் வைத்திருந்தார். பின்னர் அவை வேறிடத்திற்கு மாற்றப்பட்டு உயிரியல் பூங்காவாக வளர்ந்தன. சென்னை மக்கள் இவ்விரண்டுக்கும் தாமே பெயர் சூட்டினர். பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் இருந்த அருங்காட்சியகம் ‘செத்த காலேஜ்’ ஆயிற்று. உயிருள்ள விலங்குகள் இருந்த பூங்கா ‘உயிர் காலேஜ்’ ஆயிற்று. வெளியூரிலிருந்து சென்னைக்கு வந்தவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினர்.

வேடிக்கையாகத் தோன்றும் இப்பெயரில் ஓர் உண்மை உண்டு. அருங்காட்சியகத்தைக் ‘காலேஜ்’ என்று மக்கள் அழைத்தபோது அதைக் கற்கும் இடமாகவே கண்டனர். எனினும் அங்கே கற்றல் ஒருவழிப் பாதையாக இருந்தது. பொருளைச் சேகரித்தவர், வகைப்படுத்தியவர், விளக்க அட்டை எழுதியவர் எல்லாரும் அலுவலர்கள். மாணவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவர்கள். மாணவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போவதற்கு இந்தியாவில் ஏறக்குறைய நூறாண்டு ஆயிற்று. அந்த மாற்றத்தில் அரிக்கமேட்டுக்கும் பங்குண்டு.

பதிவில்லாமல் கிடைத்த பொருள்கள்

அரியாங்குப்பம் ஆறு கடலை நோக்கித் திரும்பும் இடத்தில், வீராம்பட்டினத்திற்கு அருகே காக்காயந்தோப்பு என்னும் சிற்றூரை ஒட்டி அரிக்கமேடு உள்ளது. 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீய், இப்பகுதியில் பழைய கட்டட எச்சங்கள் இருப்பதைக் குறிப்பிட்டுள்ளார். பெரிய பழஞ்செங்கற்களை ஊர்மக்கள் தோண்டியெடுத்துப் பயன்படுத்தி வந்தனர். அந்த மேடு அவர்களுக்குப் புதியதன்று. அதை வரலாற்றுச் சான்றாகப் பார்க்கும் கண் மட்டுமே பிற்பாடு வந்தது.

1937ஆம் ஆண்டளவில் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ராய் இம்மேட்டில் ஆர்வம் காட்டினார். பல்லவர் கலை குறித்து எழுதியதால் தமிழ்நாட்டு வரலாற்று மாணவர்களுக்கு இவர் அறிமுகமானவர். மழை பெய்து மண் அரிக்கும்போது மேற்பரப்பில் தெரியும் மணிகளை ஊர்ச் சிறுவர்கள் பொறுக்கிவைத்திருந்தனர். துப்ராய் அவர்களிடமிருந்தும் மணிகளைப் பெற்றார். அவருக்குக் கிடைத்தவற்றுள் உரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் எனக் கருதப்பட்ட செதுக்குமணி ஒன்றும் இருந்தது. இது உரோமத் தொடர்புள்ள ஊர் என்ற கருத்து அப்போதே எழுந்தது.

1941 முதல் 1944 வரை ஃபோஷே பாதிரியாரும் சுர்லோவும் இங்கே தோண்டினர். செங்கல் சுவர்களும் ஏராளமான பானை ஓடுகளும் மணிகளும் வெளிப்பட்டன. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த மானிடவியலாளர் அ. ஐயப்பனும் 1940களின் தொடக்கத்தில் இவ்விடத்தைப் பார்வையிட்டு அதன் சிறப்பை எழுதினார். கிடைத்த பொருள்களில் சில சென்னைக்குச் சென்றன. சில புதுச்சேரிப் பொது நூலகத்தில் வைக்கப்பட்டன. சில பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருந்த ஹனோய்க்கு அனுப்பப்பட்டன.

இக்காலத்தில் கிடைத்தவற்றுள் அரிய பொருள்கள் பல உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு ‘அரிக்கமேடு’ என்ற ஊர்ப்பெயரைத் தவிர வேறு முகவரி இல்லை. எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில், எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையோடு சேர்ந்து கிடைத்தது என்ற செய்தி இல்லாத மணி அழகான மணியாக நிற்கும். எந்த நூற்றாண்டு என்று கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியாது.

தட்சசீலப் பயிற்சிப் பள்ளி

1944ஆம் ஆண்டு மார்டிமர் வீலர் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநரானார். துறையில் முறையான அகழாய்வுப் பயிற்சி பெற்றவர்கள் மிகக் குறைவு என்பதைக் கண்ட அவர், அந்த ஆண்டே தட்சசீலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இன்று பாகிஸ்தானில் உள்ள அவ்விடத்திற்கு இந்தியாவின் பல பல்கலைக்கழகங்களிலிருந்தும் துறையிலிருந்தும் சுமார் அறுபது பேர் வந்தனர். பின்னாளில் இந்தியத் தொல்லியலை நடத்திச் சென்ற பி.பி. லால், பி.கே. தாப்பர் ஆகியோர் அங்கே பயின்றவர்களே.

அங்கே கற்பிக்கப்பட்டவை எளிமையானவை, ஆனால் கண்டிப்பானவை. தோண்டும் பரப்பைச் சதுரங்களாகப் பிரிக்க வேண்டும். இரண்டு சதுரங்களுக்கு நடுவே தோண்டாத கரை ஒன்றை விட வேண்டும். அக்கரையின் பக்கவாட்டில் மண்ணின் நிறமும் தன்மையும் மாறும் இடங்களைப் பார்த்து, ஒவ்வோர் அடுக்குக்கும் எண் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கவாட்டுத் தோற்றத்தை அளந்து வரைய வேண்டும். கிடைக்கும் ஒவ்வோர் ஓட்டையும் அடுக்கு எண்ணோடு தனித்தனியே வைக்க வேண்டும். நில அளவை, ஒளிப்படம், பானை வகைப்படுத்தல் ஆகியவையும் பாடங்களாயின.

இவற்றின் அடிப்படை ஒன்றே. குலையாத மண்ணில் கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது. ஆகவே எந்த அடுக்கில் கிடைத்தது என்பது பொருளின் காலத்திற்கான முதல் சான்று. அந்தச் சான்று தோண்டும்போது ஒருமுறைதான் கண்ணில் படும். மண்ணை அள்ளிக் கொட்டிய பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது. அகழாய்வு என்பது தான் படிக்கும் புத்தகத்தைப் படிக்கப் படிக்கவே கிழிக்கும் வேலை. படித்ததை அப்போதே எழுதிவைத்தால்தான் புத்தகம் மிஞ்சும்.

1945: ஓடு தந்த காலக்கணக்கு

1944இல் சென்னை அருங்காட்சியகத்திற்கு வந்த வீலர், ஓர் அலமாரியில் அரிக்கமேட்டிலிருந்து வந்திருந்த ஆம்போராத் துண்டைக் கண்டார். ஆம்போரா என்பது மத்தியதரைக் கடல் நாடுகளில் மதுவும் எண்ணெயும் அனுப்பப் பயன்பட்ட, இரண்டு கைப்பிடிகள் கொண்ட உயரமான சாடி. உடனே புதுச்சேரிக்குச் சென்ற அவர், அங்கே நூலகத்தில் வைக்கப்பட்டிருந்த ஓடுகளில் அரிட்டைன் வகையை அடையாளம் கண்டார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரப் பெயரால் அழைக்கப்படும் இந்தச் சிவப்பு மெருகுப் பானைகளில் செய்தவரின் முத்திரை இருக்கும். ஆகவே அவை செய்யப்பட்ட காலம் ஐரோப்பாவில் நன்கு அறியப்பட்டிருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அவற்றின் உற்பத்தி ஓய்ந்துவிட்டது என்று கணிக்கப்பட்டிருந்தது.

தென்னிந்தியத் தொல்லியலுக்கு அன்று பெருங்குறையாக இருந்தது காலக்கணக்கு. கார்பன் காலக்கணிப்பு முறை அப்போது பயன்பாட்டுக்கு வரவில்லை. தாழிகளும் கல்வட்டங்களும் ஊரெங்கும் இருந்தன. அவற்றின் காலத்தை உறுதியாகச் சொல்ல வழியில்லை. காலம் தெரிந்த இத்தாலிய ஓடு, காலம் தெரியாத உள்ளூர்ப் பானையோடு ஒரே அடுக்கில் கிடைத்தால், உள்ளூர்ப் பானைக்கும் காலம் கிடைத்துவிடும். வீலர் அரிக்கமேட்டைத் தேர்ந்ததற்கு இதுவே காரணம்.

1945இல், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் அனுமதியோடு அகழாய்வு நடந்தது. தட்சசீலத்தில் கற்பித்த முறை இங்கே களத்தில் நடைமுறையாயிற்று. பண்டகசாலை எனக் கருதப்பட்ட நீண்ட கட்டடமும் செங்கல் தொட்டிகளும் வெளிப்பட்டன. உள்ளடியில் புள்ளிக்கோலம் வட்டமாகச் சுற்றி ஓடும் ‘ரூலெட்டட்’ வகைப் பானைகளும் தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்தன. 1946இல் தொல்லியல் துறையின் ‘ஏன்ஷியண்ட் இந்தியா’ இதழில் முழு அறிக்கை வெளியாயிற்று. ஏ. கோஷ், கிருஷ்ண தேவா ஆகிய இந்திய ஆய்வாளர்களின் பங்களிப்பும் அதில் உண்டு. கோஷ் பின்னாளில் துறையின் தலைமை இயக்குநரானார்.

அரிக்கமேட்டில் கிடைத்த காலக்கணக்கைத் துணையாகக் கொண்டு 1947இல் கருநாடகத்தின் பிரம்மகிரியிலும் சந்திரவள்ளியிலும் அகழாய்வு நடந்தது. அங்குள்ள பெருங்கற்காலச் சின்னங்களுக்கும் காலம் குறிக்க முடிந்தது. ஓர் ஆற்றங்கரை மேட்டின் ஓடுகள் தென்னிந்தியாவுக்கே காலக்கோலாக மாறின.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அரிக்கமேட்டைக் ‘கண்டுபிடித்தவர்’ வீலர் என்று பல நூல்களில் படிக்கிறோம். மழைக்குப் பின் மணி பொறுக்கிய சிறுவர்கள், துப்ராய், ஃபோஷே, சுர்லோ, ஐயப்பன் எனப் பலர் அவருக்கு முன்னரே அந்த மேட்டை அறிந்திருந்தனர். அலமாரியில் ஆம்போராத் துண்டு இருந்ததே யாரோ ஒருவர் அதை எடுத்துச் சேர்த்ததால்தான். வீலரின் பங்கு அடுக்கையும் ஓட்டையும் இணைத்துப் பதிவு செய்ததில் உள்ளது. அந்தப் பங்கு பெரியது. அதைப் பாராட்டும்போது மற்றவர்களை மறைக்க வேண்டியதில்லை. விளக்க அட்டை எழுதும் மாணவர் ‘கண்டுபிடித்தவர்’ என்ற சொல்லைப் பயன்படுத்தும் முன் சற்று நின்று யோசிக்க இது நல்ல எடுத்துக்காட்டு.

பதிவு தன்னையே திருத்திய கதை

வீலர் இவ்வூரை இந்திய–உரோம வணிகத் தலமாகக் கண்டார். அயல் வணிகத்தின் வரவால் ஒரு மீனவக் குப்பம் துறைமுகமாக எழுந்தது என்பது அவர் சித்திரம். அதன் சிறப்புக்காலம் ஏறத்தாழ கி.பி. முதல் இரு நூற்றாண்டுகள் என்றும் கணித்தார். வீலருக்குப் பின் ழான்-மாரி கசால் 1947 முதல் 1950 வரை இங்கே அகழாய்வு செய்தார். வீலரின் சித்திரம் நெடுங்காலம் பாடநூல்களில் நிலைத்தது.

1983ஆம் ஆண்டு விமலா பெக்லி என்னும் ஆய்வாளர் அமெரிக்கத் தொல்லியல் இதழ் ஒன்றில் அரிக்கமேட்டை மறுபரிசீலனை செய்து கட்டுரை எழுதினார். அப்போது அவர் மேட்டில் புதிதாக எதையும் தோண்டியிருக்கவில்லை. 1945ஆம் ஆண்டு அறிக்கையில் அச்சான அடுக்கு வரைபடங்களையும் பானைப் பட்டியல்களையும் மீண்டும் ஒப்பிட்டுப் படித்தார். ரூலெட்டட் பானைகள் அரிட்டைன் ஓடுகளுக்கு முந்திய அடுக்குகளிலும் இருப்பதை எடுத்துக்காட்டினார். உரோம வணிகம் பெருகுவதற்கு முன்பே இவ்வூர் செழிப்பாக இருந்தது என்பது அவர் வாதம்.

பின்னர் 1989 முதல் 1992 வரை பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் இணைந்து அரிக்கமேட்டில் மீண்டும் அகழாய்வு செய்தன. பெக்லியும் பேராசிரியர் கே.வி. இராமனும் அதை வழிநடத்தினர். ஊரின் வாழ்வு கி.மு. நூற்றாண்டுகளிலேயே தொடங்கி, வீலர் நினைத்ததைவிட மிகவும் நீண்டு தொடர்ந்தது என்பது வலுப்பட்டது. அயலார் வந்து எழுப்பிய ஊர் என்ற சித்திரம், ஏற்கெனவே உழைத்து வாழ்ந்த ஊருக்கு அயல் வணிகரும் வந்து சேர்ந்தனர் என்று மாறியது. தமிழக வரலாற்றில் இது சிறிய திருத்தமன்று.

ஒருவர் எழுதிய பதிவைக் கொண்டே அவருடைய முடிவை மறுக்க முடிந்தது என்பதே அந்தப் பதிவின் பெருமை. வரைபடம் வரைந்தவர்கள் வீலரின் முடிவுக்குப் பொருந்துவதை மட்டும் வரைந்திருந்தால் பெக்லிக்குப் படிக்க ஒன்றும் இருந்திராது. 1945க்கு முன் பதிவில்லாமல் சேர்ந்த மணிகளைக் கொண்டு யாராலும் யாரையும் திருத்த முடியவில்லை.

களத்திலிருந்து வகுப்பறைக்கு

அகழாய்வுக்குப் பயிற்சி தேவை என்பது போலவே காட்சி அமைப்புக்கும் பயிற்சி தேவை என்ற எண்ணம் விடுதலைக்குப் பின் வலுப்பெற்றது. 1952இல் பரோடாவின் மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் அருங்காட்சியகவியல் துறை தொடங்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய துறைகளில் இதுவே முதலாவது. பொருளைப் பாதுகாப்பது, பதிவேட்டில் சேர்ப்பது, காட்சியைத் திட்டமிடுவது ஆகியவை அங்கே பட்டப்படிப்பின் பாடங்களாயின.

தமிழ்நாட்டில் அண்மைக்காலம் அருங்காட்சியகங்களைப் பற்றிய பொதுமக்களின் ஆர்வத்தை மிகவும் பெருக்கியுள்ளது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் அதற்குச் சான்று. அகழ்ந்த இடத்திற்கு அருகிலேயே, கிடைத்த பொருள்களைக் கொண்டு அமைக்கப்பட்டதால் மண்ணும் பொருளும் பிரியாமல் நிற்கின்றன. பள்ளி, கல்லூரி மாணவர்கள் குழுக்களாகச் சென்று பார்க்கிறார்கள். அடுத்த படி, தம் ஊர்ப் பொருளுக்குத் தாமே விளக்க அட்டை எழுதுவது.

கடலூர் மாவட்டத்தில் காத்திருக்கும் பாடங்கள்

கடலூர், சிதம்பரம், வடலூர் வட்டாரக் கல்லூரி மாணவர்களுக்கு இப்பயிற்சிக்கான பொருள் அருகிலேயே உண்டு. கடலூருக்குத் தெற்கே, இன்று சிப்காட் தொழிற்பேட்டை உள்ள குடிகாடு, காரைக்காடு பகுதியில் அரிக்கமேட்டை ஒத்த பானை ஓடுகளும் மணி செய்த தடயங்களும் கிடைத்துள்ளன. அரிக்கமேடு தனித்து நின்ற துறைமுகம் அல்ல, இக்கடற்கரை முழுவதும் தொழிலும் வணிகமும் இருந்தன என்பதற்கு இது சான்று. பண்ருட்டி வட்டத்து மருங்கூரில் தமிழி எழுத்துப் பொறித்த மட்கலங்கள் ஈமத்தாழிகளோடு கிடைத்தன. 2024இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு தொடங்கியது. கடலூரில் அரசு அருங்காட்சியகம் உள்ளது. அரிக்கமேட்டுப் பொருள்களைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம்.

வடலூர் வேறுவகையான பாடத்தைத் தருகிறது. இராமலிங்க அடிகள் 1867 மே 23 அன்று இங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று ஏற்றிய அடுப்பு அணையாமல் எரிந்து வருகிறது. பசித்து வருவோருக்கு உணவு வழங்கப்படுகிறது. 1872 சனவரி 25 அன்று சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கியது. தைப்பூசத்தன்று ஏழு திரைகள் நீங்கிச் சோதி தரிசனம் நடைபெறுகிறது. அணையா அடுப்பைப் பேழையில் வைக்க முடியாது. அணைத்தால்தான் அது அருங்காட்சியகப் பொருளாகும். அணைத்துவிட்டால் அது அந்த அடுப்பே அல்ல. வாழும் மரபைக் காட்சியாக்குவோர் எங்கும் சந்திக்கும் சிக்கல் இது. இங்கே மாணவர் பதிவு செய்ய வேண்டியவை வேறு: அரிசியும் விறகும் எப்படி வருகின்றன, சமையல் முறை எப்படி மாறியது, பூசத்திற்கு எந்த ஊர்களிலிருந்து மக்கள் நடந்து வருகிறார்கள் என்பன போன்றவை. அவர்களின் ஒப்புதலோடு அவர்கள் சொல்லிலேயே எழுதுவது முறை.

ஆவணத்தின் அருமையையும் வடலூர் காட்டுகிறது. அருட்பா தொகுதிகள் பலவற்றை 1931 முதல் 1958 வரை பன்னிரு நூல்களாகப் பதிப்பித்த ஆ. பாலகிருஷ்ண பிள்ளை, அடிகளின் கையெழுத்துப் படிகளையும் கடிதங்களையும் தேடித் திரட்டினார். எந்தப் பாடல் எந்த மூலத்திலிருந்து வந்தது என்று காட்டும் பதிப்பு, அடுக்கு எண்ணோடு வரும் ஓட்டைப் போன்றது. சபைக்கும் சாலைக்கும் பார்வதிபுரத்து மக்கள் சுமார் 80 காணி நிலம் அளித்தனர். பெருவெளி என வழங்கும் அந்நிலத்தில் 2024இல் பன்னாட்டு மையம் கட்டத் தொடங்கியபோது, நிலம் அளித்தோரின் வழிவந்த ஊர்மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. நூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய ஒரு கொடைப் பத்திரம் இன்றைய மக்களின் வழக்காக முடியும் என்பதை வரலாற்று மாணவர் இதனினும் தெளிவாக வேறெங்கும் காண முடியாது.

ஒரு வகுப்பு எப்படித் தொடங்கலாம்

ஒரு பருவத்திற்குப் பத்துப் பொருள் போதும். முதலில் அருங்காட்சியகப் பதிவேட்டைப் படிக்க வேண்டும். பொருளின் எண், வந்த நாள், வந்த வழி, கிடைத்த இடம் ஆகியவற்றைப் படியெடுக்க வேண்டும். காப்பாட்சியர் முன்னிலையில் பொருளை அளந்து, எடையிட்டு, ஒளிப்படம் எடுத்து, கையால் வரைய வேண்டும். வரைவது இன்றும் தேவையா என்று கேட்கலாம். ஒளிப்படக்கருவி எல்லாவற்றையும் ஒரே அளவில் காட்டும். வரையும் கை, விளிம்பு எங்கே திரும்புகிறது, கீறல் சுடுவதற்கு முன்னதா பின்னதா என்று கேட்டுக்கேட்டுத்தான் நகரும்.

அடுத்தது விளக்க அட்டை. நாற்பது ஐம்பது சொற்களுக்குள் எழுத வேண்டும். ‘பானை ஓடு, அரிக்கமேடு, கி.பி. முதல் நூற்றாண்டு’ என்று மட்டும் எழுதினால் பார்வையாளர் அடுத்த பேழைக்குப் போய்விடுவார். அரிட்டைன் ஓடு ஒன்றுக்கு இப்படி எழுதிப் பார்க்கலாம்: ‘இத்தாலியில் வனைந்த தட்டின் துண்டு. சிவப்பு மெருகைத் தடவிப் பாருங்கள் என்று சொல்ல ஆசைதான், கண்ணால் தடவுங்கள். இவ்வகை கி.பி. 50 அளவில் செய்வது நின்றது. இதனோடு ஒரே அடுக்கில் கிடைத்த உள்ளூர்ப் பானைகளின் காலத்தையும் இந்தத் துண்டே சொல்லிற்று.’ இதில் நேரே தெரிவது எது, ஊகிப்பது எது என்று மாணவர் தமக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். அரிக்கமேட்டுத் தொட்டிகளைத் துணிக்குச் சாயமிட்ட தொட்டிகள் என்று வீலர் கருதினார். அதை அட்டையில் எழுதும்போது ‘கருதப்பட்டது’ என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டால் ஊகம் உண்மையாகிவிடும்.

எழுதிய அட்டையை ஆறாம் வகுப்பு மாணவர் ஒருவரிடமும், பொருள் கிடைத்த ஊரின் முதியவர் ஒருவரிடமும் படிக்கக் கொடுப்பது நல்ல தேர்வு. முன்னவருக்குப் புரிய வேண்டும். பின்னவர் ‘இது எங்கள் ஊரில்லை’ என்று சொல்லக் கூடாது.

சட்ட எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். ஆர்வம் மிகுந்த மாணவர்கள் மேட்டுக்குச் சென்று ஓடுகளையும் மணிகளையும் பொறுக்கிவருவது உண்டு. உரிமம் பெறாமல் தொல்லிடத்தைத் தோண்ட யாருக்கும் அனுமதியில்லை. மண்ணில் புதைந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். தொல்பொருள் விற்பனையையும் ஏற்றுமதியையும் 1972ஆம் ஆண்டின் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சட்டத்தைத் தாண்டிய காரணமும் உண்டு. மேட்டிலிருந்து எடுத்துவந்த ஓடு, அலமாரியில் வைத்த அன்றே தன் முகவரியை இழந்துவிடுகிறது. வயலில் ஓடு தென்பட்டால் அதை எடுக்காமல் இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுத்து, துறைக்குத் தெரிவிப்பதே சரியான முதல் பாடம்.

இன்றைய வகுப்பின் பொறுப்பு

அரிக்கமேட்டின் செங்கற்கள் பல வீடுகளின் சுவர்களுக்குள் போய்விட்டன. ஆற்றங்கரை அரிப்பும் மேட்டைக் குறைத்துள்ளது. குடிகாட்டுப் பகுதியில் ஆலைகள் எழுந்துவிட்டன. மாவட்டத்தின் பிற மேடுகளிலும் வீட்டுமனைகளும் செம்மண் குழிகளும் பெருகி வருகின்றன. எல்லாவற்றையும் அகழ்ந்து காக்கத் துறையால் இயலாது. ஆனால் வட்டங்கள் பலவற்றில் கல்லூரி உண்டு. அக்கல்லூரியின் வரலாற்று வகுப்பு ஆண்டுக்குப் பத்துப் பொருளையும் இரண்டு ஊர்களின் நினைவையும் ஒழுங்காகப் பதிவு செய்தால், பத்தாண்டில் ஒரு மாவட்டத்திற்கு நம்பகமான ஏடு ஒன்று உருவாகிவிடும்.

அந்த ஏட்டில் பிழைகள் இருக்கலாம். வீலரின் முடிவிலும் பிழை இருந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் அதைத் திருத்தும் அளவுக்கு அடுக்குகள் தெளிவாக வரையப்பட்டிருந்தன. பின்னால் வருபவர் தம்மைத் திருத்த வழிவிட்டு எழுதக் கற்ற மாணவர், அருங்காட்சியகப் பயிற்சியின் பயனை முழுதும் பெற்றவராவார்.